மழைக்காலத்தில் ஆட்டம் விழுந்த தம்பிகளுக்கு

கீழ்பென்னாத்தூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிற தம்பிகளுக்கும், இப்போது ஆடத் தொடங்கியிருக்கிற தங்கைகளுக்கும் இந்தக் கடிதம்.

ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டது. நஞ்சை வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல சேதி கிடையாது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கோடை தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் உங்களுக்கு மைதானமாக இருந்த ஏரி உள்வாய், இனி தண்ணீர் வற்றித் தரை இறுகிய பிறகுதான் திரும்பக் கிடைக்கும். மிச்சமிருப்பது பள்ளிக்கூட மைதானத்தில் தண்ணீர் நிற்காத ஒரு மூலை, மல்லாட்டை பிடுங்கிய கொல்லை, தெருவில் சிமெண்டு போட்ட கொஞ்ச நீளம், அவ்வளவுதான். இதற்கு நடுவிலேயே பொங்கல் டோர்னமெண்டுக்கு பேனர் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

அம்பயராக நின்று வருடாவருடம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். ஆடி மாதத்தில் எதிர் அணியை ஓட ஓட விரட்டிய பையன், கார்த்திகையில் நாலு பந்து தாங்குவதில்லை. மிட் ஆனில் நிற்பவன் கைக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டு வருகிறான். கேட்டால் "டச் போயிடுச்சுண்ணா" என்கிறான். அடுத்த ஞாயிறு வேறு பேட். அதற்கடுத்த ஞாயிறு நிற்கிற விதமே வேறு. அப்புறம் வருவதை நிறுத்திவிடுகிறான். பொங்கலுக்கு ஆள் சேர்க்கும்போது, "நான் வரலண்ணா, வேற யாரையாவது போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு வேலிக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறான். அந்தப் பையனை மனதில் வைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

தம்பி, உன் ஆட்டம் எங்கேயும் போய்விடவில்லை. காலுக்குக் கீழே இருக்கிற மண் மாறிவிட்டது, எதிரே வருகிற பந்து மாறிவிட்டது. நீ மட்டும் இன்னும் ஆடி மாத ஆட்டத்தையே ஆடிக்கொண்டிருக்கிறாய்.

முதலில் பந்தைப் பார்ப்போம். டென்னிஸ் பந்தின் மேலே இருக்கிற ரோமம் தண்ணீரைக் குடிக்கும். சாதாரண டென்னிஸ் பந்து 56 கிராமிலிருந்து 59.4 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. நாம் ஆடுகிற ஹார்டு டென்னிஸ் அதைவிடக் கனம். அது ஈரப் புல்லில் இரண்டு ஓவர் உருண்டுவிட்டால் எவ்வளவு கனம் கூடுகிறது என்று யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. ஒருநாள் மளிகைக் கடைத் தராசில் காய்ந்த பந்தையும் நனைந்த பந்தையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். பிறகு இரண்டையும் இடுப்பு உயரத்திலிருந்து ஈர மண்ணில் கீழே விடுங்கள். காய்ந்தது ஓரளவாவது எழும்பும். நனைந்தது தொப்பென்று விழுந்து, கணுக்காலுக்குமேல் வர யோசிக்கும்.

தரையிலும் இரண்டு விதம் உண்டு. ஈரப் புல்லிலும் நனைந்த சிமெண்டிலும் பந்து வழுக்கிக்கொண்டு, நினைத்ததைவிட வேகமாக, தாழ்வாக வரும். ஊறிய களிமண்ணில் அதற்கு நேர்மாறாக, குத்திய இடத்தில் மண்ணைக் கவ்விப் பிடித்துக்கொண்டு தாமதமாக வரும். "நின்னு வருது" என்று நீங்களே சொல்வீர்கள். ஆனால் சொன்ன வாய் மூடுவதற்குள் பேட்டை வீசிவிடுகிறீர்கள். பந்து வந்து சேர்வதற்கு முன்பே பேட் முன்னால் போய்விடுகிறது. மட்டையின் முகம் மேலே திரும்பிய பிறகு பந்து அதில் படுகிறது. ஆடியில் வேலிக்கு அப்பால் போன அதே அடி, கார்த்திகையில் மிட் ஆன் கையில் முடிவது இப்படித்தான். உன் கண்ணுக்கோ கைக்கோ ஒன்றும் ஆகவில்லை. ஒரு நொடிக்குள் அடங்குகிற நேரக் கணக்கு பிசகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: இன்னும் பலமாக அடித்துப் பார்ப்பது. கனத்த பந்து தூரம் போகவில்லை என்று தோளை இறுக்குகிறார்கள். தோள் இறுகினால் பேட் இன்னும் சீக்கிரம் திரும்பிவிடுகிறது. இரண்டு ஆட்டம் இப்படிப் போனால் மூன்றாவதில் முதல் பந்துக்கே பயம் வந்துவிடும்.

நம் ஊருக்குச் சம்பந்தமே இல்லாத கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் இதற்கு ஒரு வழி இருக்கிறது. நந்தனத்திலும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஆடுகிறார்களே, அந்த ஆட்டம்தான். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து பக்கம் குளிர்காலமும் மழையும் ஒன்றாகவே வரும். புல் முழுக்க ஊறிக் கிடக்கும். கோடையில் விழுந்த பிறகும் உருண்டு உருண்டு போகிற பந்து, அப்போது விழுந்த இடத்திலேயே புதைந்து நிற்கும். தூரம் குறைகிறதே என்று பலமாக வீசுகிறவருக்கு ஈரத் தரையில் கால் வழுக்கும், பந்துக்குப் பின்னால் இருக்கிற மண்ணைத்தான் அடிப்பார். பழகிய ஆட்டக்காரர் அப்படிச் செய்ய மாட்டார். வழக்கமாக எடுக்கிற மட்டையைவிட ஒரு படி தூரம் போகிற மட்டையை எடுத்துக்கொண்டு முக்கால் வீச்சு மட்டும் வீசுவார். கால்களை அசைக்காமல் வைத்துக்கொள்வார். கைப்பிடி நனையாமல் துண்டால் துடைத்துக்கொண்டே இருப்பார். கோடையில் எடுத்த எண்ணிக்கையை மழையில் எடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் மாட்டார். செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில், கோல்ஃபுக்கே தாய்வீடு என்று சொல்கிற மைதானத்தில், குளிர்காலத்தில் புல்லைக் காப்பாற்றுவதற்காக ஒரு சின்னப் பாயை விரித்து அதன்மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்வார்கள். பருவம் மாறினால் ஆட்டத்தின் நடைமுறையையே மாற்றிக்கொள்கிறார்கள். அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

நமக்கும் அதுதான் வழி. மழைக்கால ஆட்டத்தைச் சின்னதாக ஆடு. அதற்கென்று நாலு அடி போதும். பந்து குத்திய பிறகு ஒரு மூச்சு காத்திரு. அது உன் கண்ணுக்குக் கீழே வரட்டும். நேராக வந்தால் நேராகத் தட்டு, காலுக்கு வந்தால் ஸ்கொயர் பக்கம் திருப்பு. ஈரப் புல்லில் தரையோடு போகிற பந்து எல்லைக்குப் போகாது, பாதியில் நின்றுவிடும் என்று எல்லோரும் அலுத்துக்கொள்கிறார்கள். பாதியில் நிற்கிற பந்தை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பார். எல்லையில் நிற்பவன் வழுக்காமல் ஓடி வர வேண்டும், குனிய வேண்டும், நனைந்த கனத்த பந்தை எறிய வேண்டும். அவன் எறிவது கீப்பர் வரைக்கும் வராது. அங்கே இரண்டு ரன் இருக்கிறது. மழைக்கால ஆட்டங்களில் இரண்டிரண்டாக ஓடி எடுத்து ஜெயிக்கிற அணியைப் பார்த்திருக்கிறேன். சிக்ஸுக்குத் தூக்கித் தூக்கி நாற்பது ரன்னில் சுருண்ட அணிகளையும் பார்த்திருக்கிறேன்.

அடிப்பதில் ஒன்றை விட்டுக்கொடுப்பது கோழைத்தனம் என்று யாராவது சொன்னால், 2004 ஜனவரி சிட்னி டெஸ்டைச் சொல்லுங்கள். அந்தத் தொடரில் அதற்கு முன் சச்சின் எடுத்தவை 0, 1, 37, 0, 44. ரன் வராமல் தடுமாறிக்கொண்டிருந்தார். சிட்னியில் கவர் டிரைவையே அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். உலகத்தில் அவரைவிட அழகாக அதை அடிக்க ஆள் இல்லை என்ற காலத்தில், அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு 241 ரன் எடுத்தார், அவுட் ஆகாமல். இரண்டாவது இன்னிங்ஸில் 60, அதிலும் அவுட் இல்லை. உன்னிடம் பிரமாதமான ஃபிளிக் ஒன்று இருக்கலாம். தை வரைக்கும் அதை வைத்துக்கொள், யாரும் பிடுங்கிக்கொண்டு போய்விட மாட்டார்கள்.

பந்து வீசுகிறவர்களுக்குத்தான் மழையில் அதிகக் கஷ்டம். போன வாரம் ஒரு பையனின் இடது ஷூவைப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கக் களிமண் அப்பி, ஓரத்தில் புல்லும் சேர்ந்து, அடை அடையாகத் தொங்கியது. அந்தக் கனத்தோடு ஓடி வருகிறான். கிரீஸுக்குப் பக்கத்தில் வந்ததும் முன்கால் வழுக்குமோ என்று உடம்பு தானாகவே தயங்குகிறது. அந்தத் தயக்கத்தில் கை முன்னதாகவே பந்தை விட்டுவிடுகிறது. யார்க்கர் என்று நினைத்தது ஃபுல் டாஸாக இடுப்புக்கு வருகிறது. அது சிக்ஸ். அடுத்த பந்தைத் தரையில் குத்துகிறான், பாதியிலேயே விழுகிறது. அணித்தலைவன் கத்துகிறான். நாலு ஓவர் போட வேண்டியவனை ஒரு ஓவரோடு நிறுத்திவிட்டார்கள். அவன் கையில் ஒரு கோளாறும் இல்லை. ஒரு குச்சியை இடுப்பில் செருகி வைத்து ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஷூவைச் சுரண்டியிருந்தால், ஓடி வருகிற தூரத்தைப் பாதியாகக் குறைத்திருந்தால், அந்த யார்க்கர் விழ வேண்டிய இடத்தில் விழுந்திருக்கும். காய்ந்த துணி ஒன்று இடுப்பில் இருக்கட்டும். அது நனைந்துவிட்டால் மாற்றிக்கொள்ள இன்னொன்று. வேகத்தை மறந்துவிடு. ஊறிய களிமண்ணில் ஸ்டம்பைப் பார்த்து, கொஞ்சம் குட்டையாக, மெதுவாகப் போடுகிற பந்துதான் அடிப்பதற்குக் கஷ்டம். நின்று வருகிற பந்தை எதிராளியும் தூக்கித்தான் கொடுப்பான்.

யார்க்கர் என்றதும் நடராஜனைச் சொல்லாமல் இருக்க முடியாது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. அவரும் டென்னிஸ் பந்தில் ஆடி வந்தவர். 2015 ஜனவரியில் கொல்கத்தாவில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம். அந்த ஒரே ஆட்டத்தோடு, பந்து வீசுகிற முறையில் சந்தேகம் என்று புகார் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வீசுகிற முறையை அடியிலிருந்து மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. சின்ன வயதிலிருந்து கைக்குப் பழகிய ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றைப் பழகுவது லேசான காரியமா? தமிழ்நாடு அணியின் முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் சுனில் சுப்ரமணியன் அதற்கு உதவினார். 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் அணிக்கு ஆடினார், 2017-ல் ஐபிஎல் கதவு திறந்தது. 2020 நவம்பரில் அபுதாபியில் டி வில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த யார்க்கரை நீங்கள் எல்லோரும் போனில் வைத்திருக்கிறீர்கள். அதிலிருந்து மூன்று மாதத்துக்குள், ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். பிரிஸ்பேனில் அவருடைய டெஸ்ட் தொடங்கிய 2021 ஜனவரி 15, இங்கே மாட்டுப் பொங்கல். நாம் கொம்புக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த நாளில் அவர் டெஸ்ட் விக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார். 2015-லேயே அவர் "டச் போயிடுச்சு" என்று வண்டியில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பொங்கல் நமக்குக் கிடைத்திருக்காது. பிறகு சொந்த ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார், 2023-ல் அது திறக்கப்பட்டது. நமக்கும் ஏரிக்கு வெளியே அப்படி ஒன்று வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. அதை இன்னொரு கடிதத்தில் பேசுகிறேன்.

சரி, கிரவுண்டு இல்லாமல் எங்கே பழகுவது? இதைத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். சுவர் இருக்கிறதா? போதும். ஆஸ்திரேலியாவில் பவுரல் என்ற சின்ன ஊரில் டான் பிராட்மேன் சிறுவனாக இருந்தபோது, வீட்டுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடிப்பீடத்தில் ஒரு கோல்ஃப் பந்தை எறிவார். திரும்பி வருகிற பந்தை ஒரே ஒரு ஸ்டம்பை வைத்து அடிப்பார். கோல்ஃப் பந்து சின்னது, வேகமாகவும் தாறுமாறாகவும் வரும். ஸ்டம்போ பேட்டில் பாதி அகலம்கூட இல்லை. கூட ஆட ஆள் இல்லாத வேளையில் தனக்குத்தானே கண்டுபிடித்த விளையாட்டு அது. டெஸ்டில் 99.94 சராசரி எடுத்த கை அங்கே பழகிய கை. தண்ணீர்த் தொட்டி நம் தெருவில் இல்லாமலா போய்விட்டது? மழை விட்டுவிட்டு வருகிற நாளில், திண்ணைக்கு எதிரே இருக்கிற சுவரில் ஒரு பழைய டென்னிஸ் பந்தை எறிந்து ஸ்டம்பால் தட்டிப் பழகு. அரை மணி நேரம் போதும். பக்கத்து வீட்டு ஓட்டைப் பார்த்து ஆடு.

இன்னொன்று, பந்தை நனைத்தே பழகுங்கள். காய்ந்த பந்தைத் தேடித் தேடிப் பழகிவிட்டு ஈரப் பந்தில் ஆட்டம் ஆடப் போனால் எப்படிச் சரியாக வரும்? பழைய பந்துகளை பக்கெட்டில் ஊறப்போட்டு, சிமெண்டுத் தெருவில் ஒருவன் எறிய ஒருவன் ஆடட்டும். வழுக்கி வருகிற பந்துக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. தண்ணீர் தேங்கி நிற்கிற பிட்சில் பேட் செய்து பயிற்சி எடுக்கிற தன் பழைய காணொளி ஒன்றை 2019-ல் சச்சின் வெளியிட்டிருந்தார். தேடிப் பாருங்கள். 1998-ல் சேப்பாக்கத்தில் ஷேன் வார்னை எதிர்கொள்வதற்கு முன்பும் அவர் இதேபோல், ஆட்டத்தில் எதைச் சந்திக்கப் போகிறாரோ அதை வைத்தே பழகினார். லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்சைச் சுரண்டிக் கெடுத்து, அந்த இடத்தில் நம் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனைப் பந்து போடச் சொன்னார். முதல் இன்னிங்ஸில் வார்னிடம் 4 ரன்னில் போய்விட்டார், உண்மைதான். இரண்டாவதில் 155, அவுட் இல்லை. பழகிய பழக்கம் முதல் ஆட்டத்திலேயே கை கொடுக்கும் என்று கட்டாயம் இல்லை. அந்த 4 ரன்னைப் பார்த்துவிட்டு அவர் பழகியதை மாற்றிக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அன்றும் மழைதான். ஆட்டம் தொடங்கவே தாமதமாகிவிட்டது. தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று இந்தியா முதல்முறையாகக் கோப்பையை எடுத்த அந்த ஆட்டத்தில் ஷஃபாலி வர்மா 87 ரன் அடித்தார், இரண்டு விக்கெட்டும் எடுத்தார். அந்தப் பெண் முதலில் அறிவித்த அணியிலேயே இல்லை. ஆட்டம் சரியில்லை என்று ஒருநாள் அணியிலிருந்து விலக்கப்பட்டிருந்தார். பிரதிகா ராவலுக்குக் காயம்பட்டதால் அரையிறுதிக்குத்தான் உள்ளே அழைத்தார்கள். அணியில் இல்லாத மாதங்களில் பழகுவதை விட்டிருந்தால், அழைப்பு வந்தபோது அவரிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. உங்களைக் கிரவுண்டுக்கு அனுப்ப வீட்டில் யோசிக்கிறார்கள் என்று தெரியும். மழைக்காலத்தில் இன்னும் யோசிப்பார்கள். ஆனால் வாசலும் சுவரும் உங்களுக்கும் இருக்கின்றன. ஆடுகிற அண்ணன் தம்பிகள், வாசலில் பழகும்போது அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பந்து பொறுக்கிப் போட அல்ல, பேட் பிடிக்க.

ஃபீல்டிங் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நனைந்த பந்து கையில் குதித்து வெளியேறும். கையை இறுக்காமல், பந்தோடு சேர்த்து மார்புக்கு இழுத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து நேராக எறியாமல் நடுவில் ஒருவரை நிறுத்தி இரண்டு கட்டமாக எறியுங்கள்.

இப்போது ஆட்டத்தைவிடப் பெரிய விஷயம். கண்டிப்பாகவே சொல்கிறேன். ஏரியில் விழுந்த பந்தை எடுக்க யாரும் இறங்கக் கூடாது. கோடையில் நீங்கள் ஓடி ஆடிய அதே தரைதான் கீழே இருக்கிறது என்று நினைப்பீர்கள். மண் எடுத்த பள்ளங்கள் எத்தனை, எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று தண்ணீருக்கு மேலே இருந்து பார்த்தால் தெரியாது. நீச்சல் தெரிந்தவனுக்கும் சேற்றில் கால் மாட்டும். ஒரு பந்தின் விலைக்கு ஓர் உயிரைக் கொடுக்க முடியுமா? கலங்கல் வழியாகத் தண்ணீர் போகும்போது அதைக் கடந்து ஆட்டத்துக்கு வராதீர்கள். எதிர் அணிக்கு வாக்ஓவர் கொடுத்தால் கொடுத்துவிட்டுப் போகட்டும். இடி கேட்டால் அந்த நிமிடமே ஆட்டம் நிற்க வேண்டும். வெட்டவெளியில் நிற்காதே, புளியமரத்துக்குக் கீழும் ஒதுங்காதே. பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் போ. 2024 டிசம்பர் 1 இரவு ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலை சரிந்து ஏழு பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் பிள்ளைகள். நம் பக்கத்து மழை எப்படிப்பட்டது என்பதை அதற்குப் பிறகும் நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாக அணித்தலைவர்களுக்கும், டோர்னமெண்ட் நடத்துகிற நண்பர்களுக்கும்.

தலைவர்களே, மூன்று ஆட்டத்தில் அடிக்காத பையனை வாட்ஸ்அப் குரூப்பில் கிண்டல் செய்து ஸ்டிக்கர் போடுவதை நிறுத்துங்கள். வெளியே சிரித்துக்கொள்வான், உள்ளே ஒடிந்துபோவான். அவனை ஓப்பனிங்கிலிருந்து எடுத்து எட்டாவதாக இறக்கினால் அவனுக்கு இரண்டே பந்துதான் கிடைக்கும். இரண்டு பந்தில் யாருக்கும் டச் திரும்பாது. அவனை அதே இடத்தில் விட்டு, "இன்னிக்கு நீ சிக்ஸ் அடிக்க வேணாம், ஆறு ஓவர் நின்னா போதும்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். ஆட்டம் விழுந்தவனுக்குத் தேவை நேரம்தான். அதை அவனுக்குக் கொடுக்க உங்களால் மட்டுமே முடியும்.

டோர்னமெண்ட் நடத்துகிறவர்களே, பொங்கலுக்கு முன்பு ஆடுகிற ஆட்டங்களில் மூன்று ஓவருக்கு ஒருமுறை காய்ந்த பந்தாக மாற்றுங்கள். நாலைந்து பந்தைச் சுழற்சியில் வைத்து, நனைந்ததைத் துண்டில் சுற்றிக் காயப் போட்டால் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. எண்ட்ரி ஃபீஸில் ஒரு பங்கை மரத்தூளுக்கு ஒதுக்குங்கள். வீசுகிறவன் கால் வைக்கிற இரண்டு இடத்திலும் போடலாம். கோல்ஃபில் மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் பந்து விழுந்தால் தண்டனை இல்லாமல் எடுத்து வேறு இடத்தில் வைத்து ஆட விதியே இருக்கிறது. அதேபோல் குட்டையில் நின்ற பந்துக்கு எத்தனை ரன் என்பதை டாஸ் போடும்போதே இரண்டு தலைவர்களிடமும் சொல்லிவிடுங்கள், பிறகு சண்டை வராது. நாக்அவுட்டாக வைக்காமல், ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது இரண்டு ஆட்டமாவது கிடைக்கிற மாதிரி அட்டவணை போட முடியுமா என்று பாருங்கள். மூன்று மாதம் கிரவுண்டைப் பார்க்காத பையன் காணும் பொங்கலன்று காலை ஒன்பது மணிக்குப் பனி ஈரத்தில் முதல் பந்தைச் சந்தித்து, ஒன்பதரைக்கு வீட்டுக்குத் திரும்புவது நியாயமில்லை. முடிந்தால் பெரிய கோப்பையை மாசிக்குத் தள்ளிவையுங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிற பெங்களூர், சென்னைப் பிள்ளைகளுக்காக ஒரு நாள் ஆட்டம் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மழை விட்டிருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கு நான் பள்ளி மைதானத்தின் மேட்டுப் பக்கம் இருப்பேன். எந்த ஊர் அணியாக இருந்தாலும் வாருங்கள். வீட்டில் ரோமம் உதிர்ந்த பழைய பந்து கிடந்தால் எடுத்து வாருங்கள். ஊறப்போட பக்கெட் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஆட்டத்துக்கு அம்பயராக நிற்கிற அண்ணன்,
கீழ்பென்னாத்தூர்